வீட்டுக்கு முன்பே வாங்கிய கதவு

சின்ன வயசில் நமக்குக் கவலையே கிடையாது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உங்களுக்கும் என் வயசுதான். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பேரப்பிள்ளைகளிடம் "எங்க காலத்துல" என்று இழுக்கிறவர்கள்தானே நீங்களும்? இழுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னிடம் மட்டும் அந்தக் கதையை அளக்காதீர்கள். ஒரு கோடை முழுக்கக் கூட்டேரிப்பட்டு ரோட்டோரத்தில் ஒரு ஓலைக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, போகிற வண்டியையெல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்தவள் நான்.

போன மாசம் தம்பி புது ஓட்டல் திறந்தான். அதே ரோட்டில் இது அவனுக்கு மூன்றாவது. கிட்டே போனாலே தானாகத் திறந்துகொள்கிற கண்ணாடிக் கதவு, குளுகுளு ஹால், வெளியே பஸ் நிற்கக்கூட இடம். வாசலில் அப்பாவின் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிசாக்கி மாலை போட்டிருந்தார்கள். வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். விவசாயத்தையே நம்பிக் கிடந்த ஜனங்களுக்கு, ரோட்டோரத்தில் சின்னதாக ஒரு கடை போட்டால் குடும்பம் தலை நிமிரும் என்று முதன்முதலில் காட்டிக்கொடுத்தவர் இவருடைய தகப்பனார்தான், ஒரு தர்பூசணிக் கொட்டகையில் ஆரம்பித்தவர் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கும்போது தட்டாமல் இருக்க முடியுமா?

அந்தக் கொட்டகைக் கடையை ஆரம்பித்தது அப்பா இல்லை. அத்தை. அந்த ஹாலில் அவள் முகத்தைப் பார்த்த ஞாபகம் உள்ளவள் நான் ஒருத்திதான். சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்குத் தனியாகப் பஸ் ஏறி வந்தேன். வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டதிலிருந்து இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருக்கிறது. நீங்கள்தான் அகப்பட்டீர்கள்.

அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. செஞ்சிக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குழந்தை இல்லை என்று மாமியார்க்காரி கரித்துக் கொட்டி, ஒருநாள் துணிமூட்டையோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள். தெருவில் அவளுக்கு வாழாவெட்டி என்று பெயர். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, அப்பா சொல்ல விடமாட்டார். ஆனால் வீட்டுக்கு விருந்தாளி என்று யார் வந்தாலும் முதலில் நகர்வது அத்தையின் பாய்தான். கூடத்திலிருந்து நடைக்கு, நடையிலிருந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம். அவள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே போடட்டும் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எனக்கு எட்டு வயசு. அம்மா வயிற்றில் தம்பி. பிரசவத்துக்குக் காணையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "தர்பூசணிப் பழம் முடிஞ்சதும் வந்துடுவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிடும். வந்தால், எல்லோரும் வேலைக்குப் போய் வீடு சாத்தியிருக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் நாதாங்கி எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கதவின் உச்சியில், நிலையின் மேல்கட்டையில் கொண்டுபோய் மாட்டுகிற சங்கிலி. பெரியவர்களே எக்கித்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகள் திறந்துகொண்டு போய் அடுப்பிலே கையை வைத்துவிடக் கூடாது என்று அப்படி வைத்தார்களாம். நான் வாசற்படியில் பையை வைத்துவிட்டு, யாராவது வரும்வரைக்கும் அந்தச் சங்கிலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் வீட்டு வாசலிலேயே வேற்றாள் மாதிரி உட்கார்ந்திருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் கொல்லையில், அதாவது நிலத்தில், தர்பூசணி போட்டிருந்தது. வருஷா வருஷம் லாரி வியாபாரி வருவான். வரப்பில் நின்று இரண்டு பழத்தைத் தட்டிப் பார்த்து, கொல்லை முழுக்கவும் சேர்த்து ஒரு விலை சொல்வான். அவன் சொன்னதுதான் விலை. பெரிய பழமாகப் பொறுக்கி ஏற்றிக்கொண்டு பொடிப் பழத்தையெல்லாம் விட்டுவிட்டுப் போவான். அது மாட்டுக்கு. அந்த வருஷம் அத்தை வரப்பிலே வந்து நின்று அப்பாவிடம் கேட்டாள்.

"மாட்டுக்குப் போட்றத எனக்குப் போடுண்ணா. ரோட்டாண்ட வெச்சி வித்துப் பாக்கறேன்."

அப்பா சிரித்தார். சிரித்தாலும் நான்கு சவுக்குக் கம்பு வெட்டிக் கொடுத்து, பனையோலை போட்டுக் கொட்டகையும் கட்டிக் கொடுத்தார். எங்கள் கொல்லை முனை ரோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அப்போது ரோடு இப்படி அகலம் கிடையாது. மெட்ராஸிலிருந்து வருகிற காரும் பஸ்ஸும் எங்கள் முகத்தில் புழுதியை இறைத்துக்கொண்டு போகும். படியில் உட்கார்ந்து கிடக்கிற என்னையும் அத்தை கூடவே கூட்டிக்கொண்டு போனாள்.

பொடிப் பழம்தான் ரோட்டில் ஓடியது. காரில் வருகிற குடும்பத்துக்குப் பெரிய பழம் எதற்கு? நாலு பேர் நின்று தின்றுவிட்டுக் கை கழுவிப் போக ஒரு சின்னப் பழம் போதும். அத்தை ஒவ்வொரு பழத்திலும் முக்கோணமாக ஒரு கீறு போட்டு, அந்தத் துண்டைக் கத்தி முனையில் உருவிச் சிவப்பைக் காட்டிய பிறகுதான் விலையே பேசுவாள். வெளுத்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். ஒதுக்கின பழமெல்லாம் எனக்கும் அவளுக்கும் மாட்டுக்கும். அந்தக் கோடையில் நான் சிவப்புப் பழம் தின்னவே இல்லை என்று சத்தியம் பண்ணுவேன். வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்று இருக்கும், அதையே தின்று வயிறு உப்பிக் கிடப்போம்.

சிவப்பைக் காட்டிக் கொடுக்கிறவள் என்று பெயர் பரவிவிட்டது. பஸ் டிரைவர்களே நிறுத்த ஆரம்பித்தார்கள். பொடிப் பழம் தீர்ந்து, லாரிக்கு என்று வைத்திருந்ததிலும் அப்பா அள்ளிக் கொடுத்தார். பாதிக் கோடைக்குள் லாரி வியாபாரியையே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். வருகிற காசை அத்தை சாயங்காலம் அப்படியே அண்ணன் கையில் கொடுப்பாள். அவர் தன் இரும்புப் பெட்டியில் தனியாக ஒரு மஞ்சப் பையில் போட்டு வைப்பார். "உன் காசு உன் பைல கீதும்மா" என்பார். அதில் அப்பா கை வைத்தவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், பிறகு வேண்டியிருக்கிறது.

நல்ல கூட்டம் என்று சொன்னேன் அல்லவா? கூட்டம்தான் என்னைப் படுத்தியது. ஒரு கார் வந்து நிற்கும். என் வயசில் ஒரு பெண் குதித்து இறங்குவாள். சாறு முழங்கை வரைக்கும் வழிய என் பக்கத்திலேயே நின்று தின்பாள், என்னைப் பார்த்துச் சிரிப்பாள். விதையை யார் தூரமாகத் துப்புவது என்று இரண்டு பேருக்கும் போட்டி ஆரம்பித்திருக்கும். அவள் அப்பா ஹாரனை அடிப்பார். அவ்வளவுதான், போய்விடுவாள். பின் கண்ணாடியில் கையை ஆட்டிக்கொண்டே போவாள். அப்புறம் ஈயும் டீசல் நாற்றமும் காய்ந்த ஓலைச் சத்தமும்தான். லாரி போனால் கொட்டகையே ஒரு குலுக்குக் குலுங்கி நிற்கும். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் அத்தை கொல்லையைக் கை காட்டுவாள். நான் போய்க் கொடியில் பழம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குறைந்த மாதிரியே இருக்காது.

ஒருநாள் அத்தை கத்தி சாணை பிடிக்கத் திண்டிவனத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது பஸ் கூரை மேல் ஒரு கதவு இருந்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன், கதவு. எங்கேயோ பழைய வீட்டை இடித்து மரச்சாமான் விற்றிருக்கிறார்கள், அந்த வாரம் வந்த காசை அண்ணனிடம் முன்னமே சொல்லி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஒற்றைக் கதவு, வேம்பு, கெட்டியான பலகை. கண்டக்டர் ஏணியில் ஏறி நின்றுகொண்டு, கதவுக்கு டிக்கெட் கிடையாது, பேஜாரு பண்ணாம ஜல்தியா எறக்கிக்கம்மா என்று கத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்த ஆம்பளைகள் இரண்டு பேர் இறங்கிக் கை கொடுத்தார்கள்.

அப்பா ஓடி வந்தார். வீடு எங்கே, கதவு எதற்கு என்றார்.

"மொதல்ல கதவு வரட்டும். செவுரு பின்னால வரும்" என்றாள் அத்தை. கொட்டகைக்குப் பக்கத்தில் முள் மண்டிக் கிடந்த இடத்தைக் காட்டி, அங்கே ஒரு ரூம் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கட்டிக்கோ, யாரு வேணான்றது" என்றும் சொன்னார்.

தெருவே சிரித்தது. வீடில்லாத கதவு என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட உண்டு. அத்தை அதைக் கொட்டகைக் கம்பில் சாய்த்து நிறுத்தினாள். என்னை இழுத்து அதன்மேல் முதுகு ஒட்ட நிற்க வைத்தாள். என் தோள் உயரத்தில், கதவின் ஓரத்தில், பழம் வெட்டுகிற கத்தியால் முக்கோணமாக ஒரு கீறு போட்டாள்.

"நாதாங்கி இங்கதான் வெப்பேன். பூட்டுலாம் கெடையாது. நான் எங்கனா போயிருந்தாலும் நீ இஸ்கூல் வுட்டு வந்து, நீயே தொறந்துக்கினு உள்ள போவணும்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கதவைப் படுக்கப்போட்டு நாலு கல் கொடுத்து, அதன்மேல் பழத்தை அடுக்கிவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் கடை மேசை. சாறு ஊறி ஊறி மரம் கருத்தது. எறும்பு வரிசை எப்போதும் அந்தக் கீறு வழியாகத்தான் போகும். நான் விரலை வைத்துத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வீடு எப்படி இருக்கும், என் பாய் எந்தப் பக்கம், அத்தையின் பாய் எந்தப் பக்கம் என்றெல்லாம் எனக்குள்ளேயே முடிவு பண்ணிவிட்டேன்.

செங்கல்லுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அத்தை பேச ஆரம்பித்த சமயம். பஸ்ஸிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் இறங்கினார். கொட்டகைக்கு வந்து, ஒரு பழம் வேண்டும் என்றார். அத்தை தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, ஒரு பழத்தை எடுத்துக் கீறு போட்டாள். நல்ல சிவப்பு. அவர் நின்றபடியே முழுப் பழத்தையும் தின்றார். நாலாபக்கமும் பார்த்தார், நிற்கிற வண்டிகளைப் பார்த்தார்.

"நல்லா போவுதா?" என்று கேட்டார்.

"போவுது" என்றாள் அத்தை.

காசை நீட்டினார். அத்தை வாங்கி டப்பாவில் போட்டாள். அவர் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போன பிறகு யார் என்று கேட்டேன். "உங்க மாமா" என்றாள். அதற்கப்புறம் அன்றைக்கு வெட்டின பழத்தில் பாதி கோணல்மாணலாக வெட்டினாள்.

அடுத்த வாரம் மாமா பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய அம்மா செத்துப்போய்விட்டாளாம், வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லையாம், நடந்ததை மறந்துவிடலாமாம். அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. தங்கச்சி வாழப் போகிறாள்! துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நிஜமான அழுகைதான், அதை நான் கேலி செய்யமாட்டேன். கூடம் நிறைய ஆம்பளைகள் உட்கார்ந்திருக்க, அத்தையைக் கதவோரம் கூப்பிட்டு நிறுத்தி, "இன்னாம்மா சொல்ற, போறியா?" என்று கேட்டார்.

"நீ பாத்து சொல்றதுதாண்ணா."

வேறு என்ன சொல்வாள்? அத்தனை பேர் முகத்துக்கு முன்னால் நிற்க வைத்து, எனக்கு ஒரு ரூம் போதும், புருஷன் வேண்டாம் என்று சொல்ல அந்தக் காலத்தில் யாருக்கு நாக்கு எழும்? இன்றைக்கு உங்களுக்கு எழுமா? அவளைத் தனியாகக் கொல்லைப்புறம் கூப்பிட்டுப் போய் ஒரு தடவை கேட்டிருக்கலாம். அப்பாவுக்குத் தோன்றவில்லை. கேட்டாச்சு, சரி என்று சொல்லிவிட்டாள் என்றே நினைத்தார்.

திரும்பிப் போகிறவளை வெறுங்கையோடு அனுப்பலாமா? சீர் வைக்க வேண்டும். அப்பா இரும்புப் பெட்டியைத் திறந்து மஞ்சப் பையை எடுத்தார். பித்தளைக் குடம், அண்டா, கட்டில், மெத்தை, கண்ணாடி வைத்த பீரோ. அத்தை ரோட்டில் புழுதி தின்று சேர்த்த காசு முழுக்கச் சீராக மாறி வாசலில் வரிசையாக நின்றது. தெருவே வந்து பார்த்தது. கூடப்பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசாதவர்கள் இல்லை. அப்பா தன் கைக்காசுக்கு ஒரு பட்டுப்புடவையும் எடுத்திருந்தார். அவள் காசை அவளுக்கே செய்தேன், ஒரு நயா பைசா நான் தொடவில்லை என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான், தொடவில்லை. செங்கல் வாங்க வேண்டிய காசில் பீரோ வாங்கிக் கொடுத்தோம் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

வேனில் சாமான் ஏற்றும்போது யாரோ கதவை ஞாபகப்படுத்தினார்கள். அதையும் ஏற்றிவிடலாமா என்று அப்பா சிரித்தார். மாமா, "எங்க ஊட்ல கதவு கீது மச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது இங்கியே கெடக்கட்டும். பழம் வெக்கணும்ல" என்றாள் அத்தை.

பட்டுப்புடவையில் அவள் யாரோ மாதிரி இருந்தாள். கையில் மட்டும் தர்பூசணி வாசனை. என் கன்னத்தைப் பிடித்துவிட்டு ஏறிக்கொண்டாள். நான் பாயசம் குடித்த மயக்கத்தில் வேனுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே ஓடினேன். மறுநாள் மத்தியானம் கொட்டகைக்குப் போனபோதுதான் அத்தை இனிமேல் இங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அப்பா உட்கார்ந்திருந்தார். கீறு போட்டுக் காட்டுகிற பொறுமை அவருக்குக் கிடையாது. தட்டிப் பார்த்துக் கொடுத்துவிடுவார். நான் கதவுக்கு அடியில், நாலு கல்லுக்கு நடுவே நுழைந்து படுத்துக்கொண்டேன். மேலே பழம் உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுதேனா என்று கேட்டால், ஆமாம், அழுதேன். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பழம் முடிந்தது. அம்மா தம்பியோடு வந்தாள். அடுத்த வருஷம் எங்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வேகவைத்த மல்லாட்டைக் கடலை, நுங்கு, டீ என்று ரோடு முழுக்கக் கடை. கூரை வீடெல்லாம் ஓட்டு வீடானது, பிள்ளைகள் காலில் செருப்பு வந்தது. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? எங்கள் வீட்டிலும் காசு புரண்டது. இரண்டு வருஷத்தில் அப்பா ரோட்டோரத்திலேயே வீடு கட்டினார். அத்தை கேட்ட அதே முள் மண்டின இடத்தில். கதவு இருக்கிறதே, வீணாக எதற்கு என்று அதையே இழைத்து முன்வாசலுக்கு வைத்தார்.

எங்கள் வீட்டு வழக்கத்தில் புது வீட்டுக்குள் முதல் ஆளாக விளக்கெடுத்துக்கொண்டு நுழைகிறவள் வீட்டுக்காரனின் கூடப்பிறந்தவள். அத்தைக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். வந்தாள். இளைத்திருந்தாள். மாமாவின் தம்பி குடும்பமும் அதே வீட்டுக்கு வந்துவிட்டதாம், பீரோ கட்டில் எல்லாம் அவர்கள் பக்கம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பாய் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை.

ஏற்றின விளக்கை இரண்டு கையிலும் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். நான் பக்கத்தில் ஒட்டி நின்றேன். அவள் கதவைப் பார்த்தாள். இழைப்புளி போட்டும் அந்தக் கீறு முழுசாகப் போகவில்லை, லேசாகத் தெரிந்தது. பிறகு மேலே பார்த்தாள். புது நாதாங்கி, பளபளவென்று, கதவின் உச்சியில், எல்லோர் வீட்டிலும் இருக்கிற இடத்தில்.

"ஒனக்கு எட்டுதா?" என்று என்னைக் கேட்டாள், மெதுவாக.

நான் எக்கிப் பார்த்தேன். விரல் நுனிகூடப் படவில்லை.

"எட்டல அத்தே."

அவள் விளக்கு அணையாமல் இருக்க முந்தானையால் மறைத்துக்கொண்டாள். நல்ல நேரம் போய்க்கினு இருக்குது, உள்ள வாம்மா என்று உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். அத்தை வலது காலை எடுத்து வைத்து, விருந்தாளியாக அந்த வீட்டுக்குள் போனாள். புடவையும் வெற்றிலைப்பாக்கும் வைத்துக் கொடுத்தார்கள். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் அவளை நான் உயிரோடு பார்க்கவில்லை.

ரோடு அகலமானபோது அந்த வீடு போய்விட்டது. இடிக்கிற அன்றைக்கே கதவைப் பழைய சாமான்காரன் கொண்டுபோய்விட்டான் என்று தம்பி சொன்னான். உங்கள் எல்லோருக்கும் சொந்தமாக வீடு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, பெரிய வீடு, மூன்று பூட்டுப் போட்டுத் தனியாகத்தான் இருக்கிறேன். எத்தனையோ பேர் வீட்டுக்குப் போயிருக்கிறேன், வா வா என்று கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். நான் வந்து நிற்பேன் என்று முன்கூட்டியே நினைத்து, என் கைக்கு எட்டுகிற இடத்தில் நாதாங்கிக்குக் குறி போட்டவள் வீடே இல்லாத அத்தை ஒருத்திதான்.